ஒழுகும் வளவுக் கூரை: நாட்டு ஓடா, சீமை ஓடா, தகரமா, கான்கிரீட்டா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், இராயவரம் என்று எந்தச் செட்டிநாட்டு ஊர் வீடானாலும் வாசகர்கள் கேட்பது ஒன்றுதான். ஐப்பசி மழைக்கு வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் சேர்ந்த நடுப்பகுதி, ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்து மறுபடி அடுக்கச் சொல்கிறார் ஒரு பங்காளி. மேலே தகர செட் போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். எல்லாவற்றையும் இறக்கிவிட்டுத் தளம் போட்டால் பேரன் காலம்வரை கவலையில்லை என்கிறார் மூன்றாமவர். மூன்று பேர் கையிலும் சதுர அடிக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஏறாத செலவுகள்தான் பிறகு ஆளை அமுக்குகின்றன.

இங்கே எடுத்துக்கொள்வது வளவைச் சுற்றியுள்ள சரிவுக் கூரையை மட்டும். மட்டத் தளம், அதாவது மெட்ராஸ் டெரஸ், வேறு கணக்கு. அதைப் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம். நாட்டு ஓடு என்பது ஊர்ச் சூளையில் சுட்ட வளைவான சிறு ஓடு, சீமை ஓடு என்பது தொழிற்சாலையில் செய்த மங்களூர் ஓடு.

## ஓட்டுக்கு முன்னால் மரம்

கூரையின் விதியை ஓடு தீர்மானிப்பதில்லை, அதன் அடியில் கிடக்கும் மரம்தான் தீர்மானிக்கிறது. கொட்டேஷன் வாங்குவதற்கு முன் ஓர் ஆசாரியோடு ஏறி இவற்றைப் பாருங்கள்.

உத்திரமும், சரிவுவாக்கில் கிடக்கும் கைமரமும் சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் போகும். நடுப்பகுதி கல்லுப்போல இருக்கும், சுவருக்குள் இருக்கும் அரை அடி மாவாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. சுவரில் ஏறும் மண் கோடு கரையான். மரத்தடியில் மாவு கொட்டியிருந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி. பழைய பர்மா தேக்கு வைரத்தைக் கரையான் அவ்வளவாகத் தொடாது. பிற்காலத்தில் மாற்றிய நாட்டு மரக் கைமரங்களும், அவற்றின் குறுக்கே அடித்து ஓட்டைத் தாங்கும் ரீப்பர்களும்தான் அதற்குத் தீனி.

அடுத்து தொய்வு. கைமரத்தின் அடியில் நுனிக்கு நுனி நூல் கட்டுங்கள். 10 அடி நீளத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் தொய்ந்திருந்தால், எந்த ஓடு போட்டாலும் அந்தக் கைமரத்தை மாற்றவோ துணைக்கட்டை கொடுக்கவோ வேண்டும்.

மூன்றாவது, ஒழுகும் இடம். சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. நீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே வந்துதான் சொட்டும். மழையன்றே சுவரிலும் மரத்திலும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். வளவின் நான்கு சரிவுகளும் முற்றத்தைப் பார்த்து இறங்குவதால் மூலைக்கு ஒன்றாக நான்கு கூடல்வாய்கள் இருக்கும். இரண்டு சரிவின் தண்ணீரும் அங்கே சேர்கிறது, சருகும் அங்கேதான் அடைகிறது. குறித்த இடங்கள் எல்லாம் அந்த நான்கு மூலையைச் சுற்றியே இருந்தால், கீழே வரும் நான்கு வழிகளில் எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை. கூடல்வாய்களை மட்டும் பிரித்து, தகடு மாற்றி, மறுபடி அடுக்கினால் போதும். முழுக் கூரைக்கும் பணம் திரட்டும் வீடுகளில் இதை யாரும் கேட்பதே இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

சதுர அடி விலையை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்: பழைய மரமும் சுண்ணாம்புச் சுவரும் தாங்கும் எடை, மழைத்தண்ணீர் எங்கே போய் விழுகிறது, வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க ஆள் உண்டா, கெட்டால் உடனே தெரியுமா, மறைந்தே கெடுமா, வேலையின்போது கீழே ஆத்தங்குடி ஊரில் செய்த வண்ணக் கல் தரைக்கும் முட்டை சேர்த்துப் பளபளப்பாக இழைத்த முட்டைப்பூச்சுச் சுவருக்கும் என்ன ஆகும், பத்து வருஷம் கழித்து மனசு மாறினால் திரும்ப வழி உண்டா.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மூன்றாவதும் நான்காவதும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

| | நாட்டு ஓடு, இரட்டை அடுக்கு | சீமை ஓடு | மேலே தகர செட் | கான்கிரீட், 5 அங்குலம் |
|---|---|---|---|---|
| எடை, சதுர அடிக்கு | சுமார் 11 கிலோ | சுமார் 6 கிலோ | 1 முதல் 2 கிலோ (ஓட்டின் எடை தனி) | 29 கிலோ. மேலே ஜல்லியும் தட்டோடும் (தட்டையான ஓடு) சேர்த்தால் 40க்கு மேல் |
| பராமரிப்பு | வருஷா வருஷம் | 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை | ஸ்க்ரூ, வாய்க்கால் மட்டும் | முதலில் இல்லை, பிறகு பெரிதாக |
| பழுது தெரியுமா | உடனே | உடனே | தாமதமாக | மிகத் தாமதமாக |
| மறைந்த செலவு | உடையும் ஓடு, ஆள்கூலி | முழு ரீப்பர் மாற்றம் | காற்றுக்குப் பிடிமானம், வாய்க்கால் | தூண், அஸ்திவாரம், தரைச் சேதம் |
| திரும்ப முடியுமா | முடியும் | முடியும் | சுலபமாக முடியும் | முடியாது |

1,000 சதுர அடிக் கூரையில் நாட்டு ஓடு 11 டன், சீமை ஓடு 6 டன், கான்கிரீட் வெறும் தளமாகவே 29 டன். ஓடு நனைந்தால் கூடுதலாக நீரையும் சுமக்கும்.

## நாட்டு ஓட்டைப் பிரித்து மறுபடி அடுக்குவது

மல்லாந்த ஓட்டு வரிசைமேல் கவிழ்ந்த ஓட்டு வரிசை. சில வீடுகளில் அதற்கும் அடியில் தட்டோடு பரப்பியிருக்கும். இடுக்குகள் வழியே சூடு வெளியேறுவதால்தான் சித்திரையிலும் வளவில் படுக்க முடிகிறது.

வேலை நடக்க வேண்டிய முறை: ஒரு நேரத்தில் ஒரே ஒரு சரிவு. முகட்டிலிருந்து கீழ்நோக்கிப் பிரிக்க வேண்டும். இறக்கிய ஓட்டை மூன்றாகப் பிரியுங்கள்: முழுசு, விளிம்பு உடைந்தது, கீறியது. விரலால் தட்டினால் கணீரென்று கேட்பது நல்லது, மொத்தென்று கேட்பது கீறியது. விளிம்பு உடைந்ததை மல்லாந்த வரிசையில் மேல் ஓடு மூடும் இடத்தில் வைக்கலாம். பாசியைத் தும்பு பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் ஓட்டின் வெந்த தோலை உரித்துவிடும், பிறகு அது தண்ணீரைக் குடிக்கும்.

பிரிக்கும்போது நாலில் ஒன்று உடையும் என்று கணக்கு வையுங்கள். புது நாட்டு ஓடு கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சூளைக்குச் சூளை அளவு மாறும். இடிக்கும் வீடுகளின் பழைய ஓடுதான் பெரும்பாலும் வழி. வாங்குமுன் உங்கள் கூரையில் 3 அடிக்கு 3 அடி பிரித்து எத்தனை ஓடு என்று எண்ணுங்கள். அதிலிருந்து முழுக் கூரைக்கும் கணக்கு வரும். கையில் ஒரு மாதிரி ஓடு எடுத்துப் போங்கள். கால் அங்குல வித்தியாசம்கூட வரிசையைக் கோணலாக்கும்.

அடுக்குவது கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்திலிருந்து மேல்நோக்கி. ஓட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மேல் ஓட்டுக்கு அடியில் போக வேண்டும். கூடல்வாயில் 2 அடி அகலத் தகடு, இரு விளிம்பும் ஓர் அங்குலம் மடித்து நிமிர்த்தியது. அந்த மடிப்பு இல்லாவிட்டால் வேகமாக வரும் நீர் எதிர்ச் சரிவின் ஓட்டடியில் ஏறிவிடும். முகட்டுக்கும் ஓரத்துக்கும் 1க்கு 3 சுண்ணாம்புக் கலவை, ஒரு வாரம் ஈரச்சாக்கு.

இங்கே பெரும்பாலும் நடக்கும் தப்பு சிமெண்ட். முகடு கீறியிருக்கிறதே என்று மேலே சிமெண்ட் பூசுவார்கள். வெயிலில் ஓடும் மரமும் அசையும், சிமெண்ட் அசையாது. அதனால் மயிரிழை வெடிப்பு விடும். உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் கைமரத்தின் தலையில் தங்கும். மூன்று மழைக்காலம் ஒழுகாத கூரை திடீரென்று இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

வருஷச் செலவு கட்டாயம்: புரட்டாசிக்குள் சருகு கூட்டுவது, நழுவிய ஓட்டைத் தள்ளி வைப்பது, ஆலங்கன்று அரசங்கன்றை வேரோடு எடுப்பது. ஏறுபவர் ஓட்டில் மிதிக்காமல் பலகை ஏணியில் நடக்க வேண்டும். ஒழுகலை அடைக்கப் போனவர் உடைத்துவிட்டு இறங்குவது சகஜம். குரங்கு கூட்டமாக வரும் ஊரில் இந்தக் கூரை நிற்காது, அதை ஒத்துக்கொள்வதுதான் நல்லது.

ஏற்றது எப்போது: மரம் நன்றாக இருக்கும்போது, வீட்டில் ஆளோ நம்பகமான காவல்காரரோ இருக்கும்போது, கல்யாணம், அறுபதாங்கல்யாணம் என்று வளவு இன்னும் புழங்கும்போது. தங்கும் விடுதியாகவோ படப்பிடிப்புக்கோ விட எண்ணமிருந்தால் இதைத் தவிர வேறு யோசனையே வேண்டாம்.

## சீமை ஓட்டுக்கு மாறுவது

மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு இது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் ஒற்றை அடுக்கே போதும். எடை பாதியாகும், தொய்ந்த கைமரத்துக்கு அது ஆறுதல்.

சதுர மீட்டருக்கு 15 ஓடு என்றால் 1,000 சதுர அடிச் சரிவுக்கு ஏறக்குறைய 1,400. உடைசலுக்கும் பிற்காலத்துக்கும் சேர்த்து 1,500 வாங்குங்கள். பிறகு அதே அச்சு கிடைக்காது, கிடைத்தாலும் கோப்பு பொருந்தாது. லோடு இறங்கியதும் நாலைந்து ஓட்டை எடைபோட்டு 24 மணி நேரம் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் அந்த லோடு வேண்டாம்.

மறைந்த செலவு ரீப்பர். நாட்டு ஓட்டுக்கு நெருக்கமாக அடித்த பழைய ரீப்பர் உதவாது. சீமை ஓட்டுக்குச் சுமார் 12½ அங்குல இடைவெளி வேண்டும். வந்த ஓட்டை வரிசையாகக் கோத்து அளந்து அந்த இடைவெளியை முடிவு செய்யுங்கள். 1,000 சதுர அடிக்கு நீளக் கணக்கில் 1,000 அடிக்குச் சற்று மேல் ரீப்பர் பிடிக்கும். சரிவும் பாருங்கள்: 2 அடிக்கு 1 அடி ஏற்றமாவது இல்லாத கூரையில் காற்றோடு வரும் மழை மூட்டு வழியே பின்னேறும். இறவாரத்தின் கடைசி இரண்டு வரிசையைக் கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஓட்டுத்தடிமன் குறைவதால் கூரை மட்டம் இறங்கி, முகட்டுச் சுதைவேலைக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி திறக்கும். அதைத் தகடு கொடுத்து மூட வேண்டும்.

தன் பங்குக்கு மட்டும் சீமை ஓடு போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: ஒரே சரிவில் பாதி நாட்டு ஓடு, பாதி சீமை ஓடு என்று சேர்த்தால் அந்த மூட்டு என்றென்றும் ஒழுகும். மாற்றம் முகட்டிலோ சுவரிலோ முடிய வேண்டும். பங்கு எல்லைக்கும் சரிவுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் கட்டு (வளவுக்குப் பின்னுள்ள பகுதி), அடுப்படிக் கட்டு, தோட்டத்துக் கொட்டகை எல்லாவற்றுக்கும் இதுவே சரி. வளவுக்கு, மரம் பலவீனமாகவோ குரங்கு தொல்லையாகவோ இருந்தால் மட்டும்.

## மேலே தகர செட்

பழைய ஓட்டைத் தொடாமல் அதற்கு மேல் இரும்புச் சட்டம் நிறுத்தி ஷீட் போடுவது. இப்போது ஊருக்கு ஊர் இதுதான். பார்க்கச் சகிக்காது என்று குறை சொல்வார்கள். ஆனால் பூட்டிய வீட்டை ஐந்தாறு வருஷம் நனையாமல் காக்க இதைவிடச் சுலப வழி இல்லை. பணம் சேரும்வரை மரத்தைக் காப்பாற்றும், பிறகு கழற்றிவிடலாம்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று காற்று. ஷீட்டுக்கு எடை இல்லாததால் கூரை கீழே அழுத்துவதில்லை, மேலே இழுக்கிறது. சுண்ணாம்புக் கட்டுச் செங்கலில் துளைபோட்டு அடித்த ஆங்கர் போல்ட் அந்த இழுப்புக்கு நிற்காது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் புதுக்கோட்டைப் பக்கம் பறந்த கூரைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சட்டத்தின் கால்கள் வீட்டுக்கு வெளியே சொந்தக் குழியில் கான்கிரீட்டில் நிற்பது நல்லது. சுவரில்தான் நிற்க வேண்டுமென்றால், சுவரை ஊடுருவி மறுபக்கம் தகடு வைத்து முறுக்கிய போல்ட் வேண்டும்.

இரண்டாவது தண்ணீர். மணிக்கு 5 சென்டிமீட்டர் மழையில் 1,000 சதுர அடியிலிருந்து ஒரே மணி நேரத்தில் 4,600 லிட்டர் இறங்கும். இதுவரை முற்றத்தில் விழுந்து தூம்பு வழியே போன நீர் இப்போது ஷீட் ஓரத்தில் விழுகிறது. வாய்க்கால் போடாவிட்டால் அது பக்கச் சுவரின் அடியையோ பக்கத்து வீட்டுச் சுவரையோ நனைக்கும், வம்பும் தொடங்கும். வாய்க்காலும் 4 அங்குலக் குழாய்களும் கொட்டேஷனில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

வெல்டிங்கைத் தரையிலேயே முடித்து, மேலே போல்ட் மட்டும் முறுக்கச் சொல்லுங்கள். காய்ந்த தேக்கும் வௌவால் கூளமும் கிடக்கும் கூரைமேல் தீப்பொறி விழக்கூடாது. ஓட்டு முகட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ 3 அடி விடுங்கள். ஷீட் 0.5 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், ஸ்க்ரூ மேட்டில்தான் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடிக்கும், அதை மாற்றுவதுதான் பராமரிப்பு.

ஓட்டைப் பிரித்து, கைமரத்தின்மேல் ஷீட் அடித்து, அதன்மேல் மறுபடி ஓடு அடுக்கும் முறையும் உண்டு. ஓட்டு அழகு நிற்கும், ஒழுகாது. ஆனால் ஷீட்மேல் குறுக்கு ரீப்பரை நேராக அடித்தால் ஒவ்வொன்றும் ஓர் அணை. முதலில் சரிவுவாக்கில் பட்டைச் சட்டம், அதன்மேல் குறுக்கு ரீப்பர் என்று இரண்டு அடுக்கு கேளுங்கள். ஓடு உடைந்தாலும் உள்ளே சொட்டாது என்பதால் ரீப்பர் அழுகுவது யாருக்கும் தெரியாது. ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் இது பொருந்தும், ஆனால் வேடிக்கை, பூட்டிய வீட்டுக்காரர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள்.

## கான்கிரீட் தளம்

வளவுக்கு வேண்டாம். காரணங்களைச் சொல்லிவிடலாம்.

வளவுத் தூண்களும் உத்திரமும் ஓட்டை எண்ணி நிறுத்தியவை. ஏறக்குறைய மூன்று மடங்கு எடையை அவற்றின்மேல் வைக்க முடியாது. எனவே புதுக் கான்கிரீட் தூண், அதற்குக் குழி, குழிக்காக ஆத்தங்குடித் தரையை உடைப்பது. முதல் கொட்டேஷனில் இவை இருக்காது, கம்பி கட்டும் சமயத்தில் வரும்.

தடித்த சுவர்தானே, அதன்மேல் ஏற்றினால் என்ன என்பார்கள். எடையைச் சுவர் தாங்கலாம், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. 30 அடி நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். தினமும் சுவரின் தலையை இப்படி ஆட்டினால் சுண்ணாம்புக் கட்டு மூலைகளில் சாய்வாக வெடிக்கும். வெடித்த பூச்சை இட்டு நிரப்பலாம், பழைய பளபளப்பு வராது.

வேலை நேரத்துச் சேதமும் கணக்கில் வரட்டும். 4 அடிக்கு ஒரு முட்டு என்றால் 1,000 சதுர அடிக்கு 60க்கு மேல். ஒவ்வொன்றும் ஆத்தங்குடிக் கல்மேல் நிற்கும். மணல் பரப்பி அதன்மேல் பலகை வைக்காவிட்டால் கல் வெடிக்கும், ஒழுகிய சிமெண்ட் பாலின் கறை போகாது. ஏழு முதல் பத்து நாள் தளத்தில் கட்டிய தண்ணீர் சுவர் வழியே இறங்கும். எல்லாம் முடிந்தபின் வளவு சூட்டில் தகிக்கும். இறக்கிய தேக்கை விற்றுச் செலவில் கழிக்கலாம் என்ற கணக்கு வேறு நடுவில் வரும். வாங்குபவர் சொல்வதுதான் விலை, போன மரம் திரும்பாது.

கான்கிரீட் சரியாகும் இடமும் உண்டு: தோட்டப் பக்கம் தனி அஸ்திவாரத்தில் கட்டும் குளியலறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி மேடை. ஏற்கெனவே சுவரோடு விழுந்துவிட்ட கட்டு ஒன்றையும் புதுத் தூண் எழுப்பிக் கட்டிக்கொள்ளலாம். பழைய சுவருக்கும் புதிதுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே தகடு மூடுங்கள்.

## மட்டத் தளம் தனிக் கணக்கு

மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின்மேல் 6க்கு 3க்கு 1 அங்குலச் செங்கலைச் சாய்கோட்டில் குத்துக்கல்லாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைக் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்திருப்பார்கள். இதன் எடையே சதுர அடிக்கு 30 கிலோவுக்கு மேல். ஆகவே வளவில் சொன்ன எடை வாதம் இங்கே செல்லாது. கட்டைகள் எல்லாம் போய்விட்ட அறையில் அதே இடைவெளியில் இரும்பு உத்திரம் வைத்துப் பழைய முறையிலேயே மூடலாம். அதற்குக் கொத்தனார் கிடைக்காவிட்டால் கான்கிரீட் தளத்தையும் பரிசீலிக்கலாம், வெயில் நீட்சிக்குச் சுவர்த்தலையில் நழுவும் பட்டை கொடுத்து.

கட்டை நன்றாயிருந்து ஒழுகல் மட்டும் என்றால் தட்டோட்டை எடுத்து, 60 அடிக்கு 1 அடியாவது வாட்டம் கொடுத்து, சுண்ணாம்பில் புதிதாகப் பதித்தால் போதும். ஈரம் காயாத தளத்தின்மேல் கெமிக்கல் பூச்சு அடிக்காதீர்கள். அடைபட்ட ஈரம் கீழே கட்டையில்தான் இறங்கும்.

## பங்கும் பணமும்

ஒரே வீட்டுக்கு ஒரே பதில் வேண்டும் என்று இல்லை. வளவுக்கு நாட்டு ஓடு, அடுப்படிக் கட்டுக்குச் சீமை ஓடு, பின் கொட்டகைக்குத் தகரம் என்று பிரித்தால் பணமும் பிரியும். பங்காளிகளிடம் ஒருமுறை பெருந்தொகை திரட்டுவது எளிது, வருஷா வருஷம் சிறுதொகை வாங்குவதுதான் கஷ்டம். தகரமும் கான்கிரீட்டும் ஜெயிப்பது பெரும்பாலும் இதனால்தான். நாட்டு ஓட்டைத் தேர்ந்தால் பராமரிப்புக்கென ஒரு தொகையை முதலிலேயே கூட்டுக் கணக்கில் வைப்பு போட்டு, வட்டியில் ஆள்கூலி போகும்படி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

தை மாதத்து விசேஷங்கள் முடிந்ததும் மாசியில் மரவேலை தொடங்கினால் ஆனிக்குள் ஓடு ஏறிவிடும். ஆடியில் பலர் புதுவேலை தொடங்கமாட்டார்கள், காற்றும் அடிக்கும். நடுவில் கோடை மழை உண்டு. பிரித்த சரிவை மூடும் அளவு தார்ப்பாய் வேலை நடக்கும் இடத்தில் இல்லாமல் முதல் ஓட்டை இறக்க விடாதீர்கள்.

கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போடுங்கள். மரத்தின் அளவும் சாதியும், ஓட்டின் எண்ணிக்கை, கூடல்வாய்த் தகட்டின் அகலம், தரை மூடும் செலவு, குப்பை அள்ளும் செலவு எல்லாம் தாளில் இருக்கட்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஐப்பசியில் முதல் பெருமழை கழிந்து நான்கு கூடல்வாயின் அடியையும் கையால் தொட்டுப் பார்த்தபின் கொடுங்கள்.